சட்டி கவிழ்த்த தென்னை

மைனி,

சோப்புப் போட்டுக் கழுவினேன், புளி வைத்துத் தேய்த்தேன். மயில்துத்தத்தின் நீலம் நகக்கண்ணை விட்டுப் போகிற வழியாக இல்லை. மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது மருமகள் என் இலைக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "இந்தக் கையோட பெசஞ்சு சாப்பிடாதீங்க அத்தை, அது வெசமாக்கும்" என்றாள். கரண்டியால் சாப்பிட்டு எனக்கு என்ன பழக்கம்? பாதி வாயில், பாதி மடியில். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

எத்தனை கழுவினாலும் அந்த வாடையும் போகவில்லை. செப்புக் காசை வாயில் போட்டுக்கொண்டது போல ஒரு வாடை. அதோடு சுண்ணாம்பு நீறும்போது எழுகிற சூட்டு வாடை. இரண்டும் சேர்ந்தால் எனக்கு நீங்கள்தான். போனவர்களைப் பிச்சிப்பூ வாசனையில் நினைப்பவர்கள் உண்டு, சந்தனத்தில் நினைப்பவர்கள் உண்டு. என் தலையெழுத்து, உங்களை மரத்துக்குப் போடுகிற மருந்தில் நினைக்க வேண்டியிருக்கிறது!

இன்றைக்கு எதற்கு இவள் துத்தத்தை எடுத்தாள் என்று கேட்பீர்கள். ஒரு வாரமாக விடாத மழை. காலையில்தான் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. கொல்லையின் தெற்கு மூலைக்குப் போனேன். உங்களை எரித்த இடத்தில் நான் நட்ட தென்னை இப்போது என் தலைக்கு மேல் ஓலை விரித்து நிற்கிறது. அதன் குருத்து வெளுத்திருந்தது, மைனி. நடுவில் நேராக நிற்கிற அந்த இளம் ஓலை, சோகை பிடித்த பிள்ளையின் முகம் போல இருந்தது. நம் வீட்டில் குருத்து வெளுத்தால் என்ன அர்த்தம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அப்போதே இழுத்துப் பார்த்திருக்கலாம். தைரியம் வரவில்லை. திரும்பி வந்து, யுத்தத்துக்கு முன்னால் சாலைக் கடைத்தெருவில் வாங்கிப் பரணில் ஜாடிக்குள் போட்டு வைத்திருந்த துத்தக் கட்டியைத் தேடி எடுத்து இடித்தேன். இப்போது துத்தம் வாங்கக் கடைக்குப் போனால், அரிசிக்கே வழியில்லை, உங்களுக்குத் துத்தம் கேட்கிறதோ என்று சிரிக்கிறார்கள். இடித்தது மண்பானையில் கரைந்து கிடக்கிறது. சுண்ணாம்பை நீற்றி வைத்திருக்கிறேன். அது ஆற வேண்டும். சூடாகக் கலந்தால் மருந்து கெட்டுப்போகும் என்று என்னை எத்தனை தடவை விரட்டியிருக்கிறீர்கள்! ஆறுகிற வரை சும்மா இருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் போலிருந்தது. அதனால் இதை எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமாகி நான் நேமத்து வீட்டுக்கு வந்த மறுநாள், உங்கள் தம்பி என்னைக் கொல்லை முழுக்கச் சுற்றிக் காட்டினார். இது செந்தென்னை, இது வரிக்கைப் பலா என்று சொல்லிக்கொண்டே வந்தவர் தெற்கு மூலைக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது அத்தான் மரம். அக்காவுக்க மரம். அதுல நாம யாரும் கை வைக்கப்பிடாது" என்றார். முதல் குலை தள்ளி நின்ற இளமரம். அடியில் நீங்கள் சாணி மெழுகி, ஒரு விளக்கு வைத்திருந்தீர்கள்.

பிறகுதான் கதை தெரிந்தது. பிறந்த வீட்டுக்கு வந்திருந்த உங்களைக் கூட்டிப் போக, உங்கள் வீட்டுக்காரர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மழைக்காலத்தில் வந்தார். வந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. ஆரல்வாய்மொழி தாண்டி வண்டியில் சொந்த ஊர் கொண்டுபோக வழியில்லாமல் இங்கேயே, நம் கொல்லையிலேயே எரித்தார்கள். எரித்த இடத்தில் தென்னை வைப்பது நம்முடைய வழக்கம் இல்லை. அக்கம்பக்கத்து மலையாளி வீடுகளில் செய்வது. சடங்கெல்லாம் முடிந்த அன்று, முளைத்த தேங்காய் ஒன்றை நீங்களே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் நட்டீர்களாம். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் தடுக்கத் துணியவில்லையாம்.

அதோடு விட்டீர்களா? உங்களுக்கென்றே ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டீர்கள். ஆடி அமாவாசை அன்று, மரமேறும் செல்லப்பன் கையில் மூக்கு வைத்த பித்தளைக் கிண்டி நிறையத் தண்ணீர் கொடுத்து அனுப்புவீர்கள். அவன் மேலே ஏறி அதை மரத்தின் உச்சியில், குருத்தைச் சுற்றி ஊற்ற வேண்டும். கீழே நீங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். முதல் வருஷம் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொட்டுகிற மழையில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதா? ராத்திரி உங்கள் தம்பியிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காய்ச்சல்காரனுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது என்று வைத்தியர் தடுத்திருந்தாராம். தண்ணி, தண்ணி என்று கேட்டுக் கேட்டுத்தான் அத்தானின் உயிர் போனதாம். கொடுக்காமல் பக்கத்தில் இருந்தது நீங்களாம். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

நீங்களும் நானும் நன்றாகச் சண்டை போடுவோம். எழுத்தில் போட்டுப் பார்க்கும்போது எல்லோரும் பெரிய சிநேகிதம் போலத் தெரிவார்கள். நாம் அப்படியா? தேங்காய் துருவலில் சண்டை, குழம்பில் உப்பில் சண்டை. "ஒன் வீட்டுல அம்மி இருந்துதாட்டி, இல்ல சும்மா கல்லா?" என்று கேட்பீர்கள். நானும் விடமாட்டேன். ஆனால் சாயங்காலம் தலை பின்னிவிட உங்கள் முன்னால்தான் வந்து உட்காருவேன். பூ வைக்கக் கூடாத உங்கள் கை எனக்குப் பூ வைத்துவிடும்.

மூத்தவன் பிறந்த மறுவருஷம் ஓணம் சமயத்தில் அத்தான் மரத்தின் குருத்து வெளுத்தது. முதலில் வெளுப்பு, பிறகு பழுப்பு. சுற்றிலும் மற்ற ஓலைகள் பச்சையாக நிற்க, நடுவில் அது மட்டும் சாய்ந்துகொண்டே வந்தது. உங்கள் வாய் ஓய்ந்துபோனது. குழம்பில் உப்பே போடாமல் வைத்தேன், ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டீர்கள். எனக்குப் பயமாகிவிட்டது.

மேலவீட்டுப் பெரியம்மை வந்தாள். ஊரில் எந்த வீட்டில் பால் திரிந்தாலும் காரணம் சொல்ல வந்து நிற்பவள். உங்கள் காதில் விழட்டும் என்றே என்னிடம் உரக்கச் சொன்னாள். "தாலி அறுத்தவ தெனமும் போய் அதைத் தொட்டுக்கிட்டு நிக்கா. கண்ணீரும் விடுகா. பின்னே மரம் வெளங்குமாட்டி? அவ கைராசி அப்பிடி. புருஷனத் தின்னுச்சு, இப்பம் மரத்தையும் தின்னுது."

அடுக்களையில் நீங்கள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். ஆட்டுக்கல் சத்தம் நின்றது. எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிற நீங்கள் வெளியே வருவீர்கள், கிழித்து எறிவீர்கள் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஆட்டுக்கல் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. அவ்வளவுதான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் சொல்வதை நீங்கள் நம்புகிறீர்கள். எனக்கு அந்தக் கிழவியின் நாக்கை இழுத்து அறுக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் செல்லப்பனை ஏற்றிப் பார்த்தோம். மேலேயிருந்து அவன் கத்தினான். "இழுக்கக்கூட இல்லம்மா, தொட்டேன். கையோட வந்துட்டு!"

குருத்தை அவன் கீழே கொண்டுவந்தான். அடிப்பக்கம் வெந்த கிழங்கு போலக் குழைந்து, பழுப்பாகி, எலி செத்த நாற்றம் அடித்தது. உங்கள் தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டார். நீங்கள் மட்டும் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள்.

"அக்கா, இது குருத்தழுகல். மரம் போச்சு" என்றார் உங்கள் தம்பி. "தலைய வெட்டி எரிச்சிரணும். இல்லேன்னா இந்த மழையில ஒவ்வொரு மரமா எடுத்துட்டுப் போயிரும்."

"ஒருத்தர எத்தன தரம்லே எரிப்ப?" என்று கேட்டீர்கள்.

நான் அவர் பக்கம்தான். இதை உங்களிடமே சொல்லிச் சண்டை போட்டவள்தானே. நம் வீட்டு அரிசியும் எண்ணெயும் துணியும் அந்தக் கொல்லையில் நின்ற தென்னைகள்தான். மூத்தவன் தவழ்ந்துகொண்டிருந்தான், அடுத்தது வயிற்றில். மற்ற மரங்களும் அழுகினால் எதைத் தின்பது? "செத்தவருக்காக இருக்கிறவங்களைப் பட்டினி போடுவீங்களா மைனி?" என்று கேட்டேன். நீங்கள் குருத்தைக் கொண்டுபோய் மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு, அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கடைசியில் உங்கள் தம்பி விவசாய இலாகா இன்ஸ்பெக்டரைக் கூட்டி வந்தார். மலையாளி, வயதில் சின்னவர், முழங்கால் வரை சேறு. அந்நிய ஆண் முன்னால் நீங்கள் வரக் கூடாது. அதனால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டீர்கள். நான் வாசலில் நின்றேன், உங்கள் தந்திக்கம்பியாக.

செல்லப்பனை ஏற்றி அழுகலில் கொஞ்சம் எடுத்துவரச் சொன்னார். ஒரு கண்ணாடியை வைத்து அதைப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பழுப்புச் சதைமேல் மெல்லிய வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது.

"இது பூப்பலாக்கும். ஊறுகாய்ப் பரணியில பூக்குமில்லையோ, அதைப்போல ஒரு வக" என்றார். "அதுக்கும் வித்து உண்டு. கண்ணுக்குத் தெரியாத பொடி. மழையும் காத்தும் கொண்டுபோகும். மரம் கேறுற ஆளுடைய கத்தியும் கால்ல மாட்டுற தளப்புக் கயிறும் கொண்டுபோகும். ஈரம் கிட்டினா முளைக்கும். அத்ரே உள்ளு, அவ்வளவுதான்."

கதவுக்குப் பின்னாலிருந்து, "எங்கேருந்து வந்துதுன்னு கேளுட்டி" என்றீர்கள்.

நான் கேட்பதற்குள் செல்லப்பன் தலையைச் சொறிந்தான். ஆடி அமாவாசை அன்று காலையில் மேலவீட்டில் ஒரு தென்னையின் அழுகின மண்டையைச் சுத்தம் செய்துவிட்டு, அதே கத்தி, அதே தளப்போடு நேரே நம் வீட்டுக்கு வந்தானாம். வழக்கம் தவறக் கூடாது என்று நீங்கள் அவனை அவசரப்படுத்திக் கூப்பிட்டு அனுப்பியிருந்தீர்கள். அவன் என்ன கண்டான், நாம்தான் என்ன கண்டோம்? "அதுதன்னே வழி" என்றார் இன்ஸ்பெக்டர். மேலவீட்டு மரம் அப்போதும் மொட்டையாக, அழுகின தலையோடு வேலியோரம் நின்றுகொண்டிருந்தது. அதை முதலில் வெட்டி எரிக்க வேண்டும் என்றார்.

அப்போதுதான் நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தீர்கள். முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் நேரே அந்த மனுஷன் முன்னால் போய் நின்றீர்கள். உங்கள் தம்பி திகைத்துப்போனார்.

"நான் தண்ணி ஊத்தச் சொன்னேன்" என்றீர்கள். "ஆடி அமாவாசைக்கு, குருத்துல, ஒரு கிண்டி. அதுலதான் அழுகிச்சா? நெசத்தச் சொல்லுங்க. என் கையால போச்சா?"

அவருக்குக் கதை தெரியாது. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அம்மா, இடவப்பாதியில தொடங்கின மழை இந்நுவரை நிக்கல்ல. வானம் ஒரு கடலையே ஆ மரத்துமேல ஊத்திக் கழிஞ்சு. உங்க ஒரு கிண்டி வெள்ளம் எந்த மூலைக்கு? வித்து வரல்லேன்னா எத்தன வெள்ளம் ஊத்தினாலும் இந்த நோவு வராது. உங்க கையுமில்ல, கண்ணுமில்ல. பூப்பல்."

நீங்கள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். வாய்விட்டு அழுதீர்கள். அத்தான் போனபோதுகூட நீங்கள் அழவில்லை என்று உங்கள் தம்பி பிறகு சொன்னார். நானும் உங்களோடு உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று யோசிக்கவில்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "பூசணம்னா சொரண்டி எறியலாம்லா? ஊறுகாயத் தூரவா கொட்டுதோம்?" என்பதுதான்.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். உள்ளே கொழுந்து இன்னும் வெள்ளையாக இருந்தால் ஒரு வழி உண்டு என்றார். அழுகலை எல்லாம் நல்ல சதை தெரிகிற வரை செதுக்கி எடுக்க வேண்டும். துத்தமும் சுண்ணாம்பும் குழைத்து அந்தக் காயத்தில் அப்ப வேண்டும். மழை இறங்காமல் மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். செதுக்கினதைக் கீழே சிதறவிடாமல் எரிக்க வேண்டும். மற்ற மரங்களுக்கு அதே மருந்தைத் தண்ணீராகக் கலந்து தெளிக்க வேண்டும். கார்த்திகைக்குள் புதுக் குருத்து வந்தால் மரம் உங்களுக்கு. அதற்கு முன் வேறு ஒரு மரத்தில் குருத்து வெளுத்தாலும் இதை வெட்டிவிட வேண்டும்.

"சம்மதம்" என்றேன் நான், உங்களை முந்திக்கொண்டு. நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு நீங்களும் தலையாட்டினீர்கள்.

ஆனால் சட்டி என்றதும் உங்களுக்கு இடறியது. அவர் போன பிறகு என்னிடம் வந்து, "ஏட்டி, கொள்ளிக்கொடத்தத் தோள்ல வச்சுத் துளை போட்டு ஒடச்சு அனுப்பின எடம் அது. அங்க நான் சட்டியக் கவுக்கவா?" என்றீர்கள். எனக்கும் சுருக்கென்றது. "அது ஒடஞ்ச சட்டி மைனி. இது முழுச்சட்டி" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். மறுநாள் குயவர் வீட்டில் ஒவ்வொரு சட்டியாகத் தட்டிப் பார்த்து, கணீர் என்று சத்தம் வந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தீர்கள். கல்யாணத்துக்குக்கூட யாரும் அப்படிப் பாத்திரம் பார்த்து நான் கண்டதில்லை.

முதல் தடவை மருந்து கெட்டுப்போனது. வெற்றிலைக்கு வைத்திருந்த பழைய சுண்ணாம்பு எதற்கு வீணாகக் கிடக்கிறது என்று அதைக் குழைத்துவிட்டோம். சிக்கனம்! பழசு ஆனால் அதற்கு வீரியம் இல்லை. இன்ஸ்பெக்டர் சொல்லிக் கொடுத்தபடி நீங்கள் அதில் கத்தியை முக்கி எடுத்துப் பார்த்தீர்கள். அலகில் செம்பு படிந்து சிவந்தது. சுண்ணாம்பு போதாது என்று அர்த்தம். அப்படியே பூசினால் மரத்தின் கொழுந்தைச் சுட்டுவிடும். அத்தனையையும் குழியில் கொட்டிவிட்டு, சுட்ட சிப்பிச் சுண்ணாம்பு வாங்கிவந்து புதிதாக நீற்றினோம். அடுத்த தடவை கத்தி முக்கியபடியே வெள்ளையாக வந்தது. அந்தக் கத்தியை எனக்கு முன்னால் நீட்டிக் காட்டிய உங்கள் முகம் இப்போதும் தெரிகிறது.

செல்லப்பன் கத்தியை நெருப்பில் வாட்டிக்கொண்டு ஏறினான். செதுக்கினதை ஒரு சாக்கில் கட்டி இறக்கினான். அதை எரிக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே நின்றீர்கள். நீலச் சாந்தை அப்பி, சட்டியைக் கவிழ்த்துவிட்டு அவன் இறங்கினான். ஊர் முழுக்கச் சிரித்தது. அத்தான் மரம் தொப்பி போட்ட போலீஸ்காரன் போல நின்றது.

காத்திருந்தோம். விடிந்ததும் நான் மற்ற மரங்களின் குருத்தைப் பார்க்கப் போவேன், நீங்கள் சட்டியைப் பார்க்கப் போவீர்கள். வழியில் பேசிக்கொள்ள மாட்டோம். ஐப்பசி மழை வந்து இடியும் மின்னலுமாகக் கொட்டியது. ஒரு மரமும் வெளுக்கவில்லை. சட்டிக்கு அடியிலும் ஒன்றும் இல்லை. செல்லப்பன் இரண்டு தடவை ஏறிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு இறங்கினான். இரண்டாம் தடவை உங்கள் தம்பி கோடாலியைத் தீட்டி வைத்தார். நீங்கள் பார்த்தீர்கள், தடுக்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான் உங்களுக்கு.

கார்த்திகைக்கு இரண்டொரு நாள் இருக்கும்போது, காலையில் சட்டி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. காற்றடித்திருக்கும், இல்லாவிட்டால் காக்கை தட்டியிருக்கும் என்று உங்கள் தம்பி செல்லப்பனை ஏற்றினார். பாதி மரத்திலிருந்தே அவன் கூவ ஆரம்பித்துவிட்டான். "அம்மா! தள்ளிட்டு! குருத்து சட்டியத் தள்ளிட்டு!"

உங்கள் தம்பி தீட்டின கோடாலியால் அன்று விறகு பிளந்தார். கார்த்திகை விளக்கை அந்த மரத்தடியில்தான் முதலில் ஏற்றினோம். ஏற்றியது நீங்கள். விதவை ஏற்றலாமா என்று கேட்க அன்று யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நம் மரம் பிழைத்தது சட்டியால்தான், அது கண்திருஷ்டிக்கு வைத்த சட்டி என்று ஊரில் ஒரு பேச்சு. நாலைந்து கொல்லைகளில் தென்னைகள் சட்டி போட்டுக்கொண்டன. மருந்தும் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் சட்டி. மேலவீட்டுப் பெரியம்மை தன் நல்ல மரங்களுக்கெல்லாம் கரும்புள்ளி செம்புள்ளி குத்திய சட்டியைக் கவிழ்த்துவிட்டாள்! வெளியே வர வேண்டிய குருத்துகள் உள்ளே மடங்கிக்கொண்டிருந்தன.

கல்யாணம், கோவில், எங்கேயும் போகாமல் கிடந்த நீங்கள், துத்தப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுப் படியேறினீர்கள். நானும் பின்னால் வந்தேன், வேடிக்கையை விடுவேனா? "மரத்துக்குக் கண்ணுமில்ல மண்ணுமில்ல பெரியம்மே, பூசணம். ஒங்க மரத்து நோவுதான் கத்தியில ஒட்டிக்கிட்டு எங்க மரத்துக்கு வந்துது" என்றீர்கள். சும்மா சொன்னதோடு நிற்காமல் கத்தியை முக்கிக் காட்டி, அவளுக்கே மருந்து கலந்து கொடுத்தீர்கள். அவள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில், உள்ளே வந்து கொஞ்சம் மோர் குடித்துவிட்டுப் போ என்றாள். தன் வீட்டுக்குள் உங்களைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பிறகு உங்களைப் பிடிக்க முடிந்ததா? மழைக்காலத்தில் பாக்குக் காய் அழுகி உதிர்கிறது என்றால் உங்களைக் கூப்பிட்டார்கள். அது மாகாளி நோவு, அதுவும் பூசணம்தான் என்றீர்கள். மிளகுக்கொடி திடீரென்று கறுத்துப் பட்டுப்போனாலும், வெற்றிலையில் எண்ணெய்ப் புள்ளி போல விழுந்து அழுகினாலும், எல்லாம் ஒரே குடும்பத்துச் சொந்தக்காரர்கள் என்பீர்கள். "ஈரத்துல நின்னு ஈரத்துல பரவும். ஒங்க பாவத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. நோவு வந்ததத் தூரக் கொண்டுபோய் எரிங்க, தண்ணி நிக்க விடாதீங்க, மருந்து மழைக்கு முன்னாடியே போடுங்க." இதைச் சொல்லாத வீடு இல்லை. இன்ஸ்பெக்டர் வரும்போதெல்லாம் முதலில் உங்களிடம்தான் விசாரிப்பார். நீங்கள் கதவுக்குப் பின்னால் போகவில்லை.

ஆடி அமாவாசைத் தண்ணீரையும் நீங்கள் விடவில்லை. உச்சியில் ஊற்றாமல் வேரில் ஊற்றினீர்கள். "அவருக்கு எங்கருந்து குடிக்கணும்னு தெரியும்" என்றீர்கள்.

சுண்ணாம்பு ஆறிவிட்டது. மருமகள் வந்து தொட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறாள். இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை. போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன். நீங்கள் போனபோது உங்கள் வாயில் தண்ணீர் விட்டது நான். நிறைய விட்டேன், வேண்டும் வேண்டும் என்ற வரைக்கும். உங்களை எரித்த இடத்துக்கு, முளைத்த தேங்காயை இடுப்பில் வைத்துக் கொண்டுபோனதும் நான்தான். அத்தான் மரத்தில் உதிர்ந்த நெற்று அது. இது அழுகினால் நான் கோடாலி தூக்குவேனா, சட்டி தூக்குவேனா என்று எனக்கு இப்போது தெரியும்.

போய்விட்டு வந்துவிட்டேன்.

பானையில் கத்தியை முக்கினேன், சிவக்கவில்லை. மருமகள் முக்காலியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறினேன். "விழுந்து வைக்காதீங்க அத்தை, என்னைத்தான் ஊரு சொல்லும்" என்று அவள் கீழிருந்து முணுமுணுத்தாள். கிட்டப் போய்ப் பார்த்தபோது, பக்கத்துப் பலாவில் காற்றில் முறிந்த ஒரு கிளை குருத்தின்மேல் கவிழ்ந்து, வெயில் படாமல் மூடிக்கொண்டிருந்தது தெரிந்தது. காலையில் வெளுப்பை மட்டும் பார்த்த கண்ணுக்கு அது படவில்லை. நிழலில் கிடந்தாலும் வெளுக்கும்தான். ஆனாலும் இழுத்துப் பார்க்காமல் எப்படி நம்புவது? நீங்கள் நம்பியிருப்பீர்களா?

கிளையை எடுத்துக் கீழே போட்டேன். குனிந்து முகர்ந்தேன். பச்சை ஓலை வாடைதான். குருத்தை இரண்டு விரலால் பிடித்துப் பைய இழுத்தேன். வரவில்லை. கையால் சுற்றிப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு என்ன தோன்றியதோ, விட மனமில்லாமல், கீழே மருமகள் கத்தக் கத்த, பலமாக ஒரு இழுப்பு இழுத்தேன்.

முக்காலிதான் ஆடியது, மைனி. நீங்கள் அசையவில்லை.